ரெண்டு வருஷம் ஜிம்முக்குப் போயும் அவர் பிடியை விடுவிக்க முடியலையே டாக்டர்

இந்த வாரம் வந்த ஒரு கடிதத்தை மூணு தடவை படிச்சேன். எழுதினவங்க பேரு வேண்டாம்னு கேட்டிருக்காங்க, அதனால அடையாளம் தெரியுற மாதிரி இருந்ததை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்களுக்கு வயசு 36. 11 வயசுல ஒரு பொண்ணு, 9 வயசுல ஒரு பையன். ரெண்டு வருஷமா வாரத்துக்கு நாலு நாள் விடாம ஜிம்முக்குப் போறாங்க, 80 கிலோ டெட்லிஃப்ட் (தரையில இருக்குற வெயிட்டைக் குனிஞ்சு தூக்கி நிமிர்றது) பண்ற அளவுக்கு வந்திருக்காங்க. கணவருக்கு உடற்பயிற்சின்னாலே ஆகாது, நாள் பூரா உக்காந்து பாக்குற வேலை, ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும். ஒரு ராத்திரி ரெண்டு பேரும் போனைப் பிடுங்கி விளையாடிட்டு இருந்தப்ப அவர் இவங்களோட ரெண்டு மணிக்கட்டையும் பிடிச்சுக்கிட்டார். இவங்க இழுத்துப் பாத்தாங்க, திருகிப் பாத்தாங்க, உடம்புல இருக்குற பலத்தை எல்லாம் போட்டுப் பாத்தாங்க, அசையல. "விடுங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லியும் அவர் சிரிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தாராம். இவங்களுக்குக் குப்புன்னு வேர்த்து அழுகையே வந்துடுச்சு. உடனே அவர் பதறி விட்டுட்டார், ஆனா "பொம்பளைங்க பலம் அவ்வளவுதானே, இதுக்குப் போய் அழுவியா"ன்னு கேட்டிருக்கார்.

மறுநாள் ஜிம்ல டிரெய்னர்கிட்ட (கணவர் விஷயம் சொல்லாம) கை பலம் ஏறவே மாட்டேங்குதுன்னு சொன்னதுக்கு, "பெண்களுக்குன்னே சேஃபான ஒரு மாத்திரை கோர்ஸ் இருக்கு, ஆறு வாரத்துல வித்தியாசம் தெரியும்"னு சொல்லியிருக்கார். அப்புறம் எழுதுறாங்க: "ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரி வளர்த்தா பலத்துல வித்தியாசமே இருக்காதுன்னு நம்பித்தான் டாக்டர் நான் பொண்ணை வளர்க்குறேன், அவகிட்டயும் அதையே சொல்லிட்டு இருக்கேன். இப்ப அவ தம்பியை ஆர்ம் ரெஸ்லிங்ல ஒவ்வொரு தடவையும் தோக்கடிக்குறா. நான் அவகிட்ட பொய் சொல்லிட்டேனா? என் பயிற்சி எல்லாம் வீணா?" கடைசியில போற போக்குல ஒரு வரி, சில மாசமா பீரியட்ஸ்ல ரத்தம் அதிகமா போகுது, தூக்குற வெயிட்டும் ஏறாம அப்படியே நிக்குதுன்னு.

தோழி, முதல்ல அந்த அழுகை. அது அசட்டுத்தனம்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எனக்கு அப்படித் தோணல. உங்க உடம்பைப் பத்தி நீங்க வச்சிருந்த ஒரு நம்பிக்கை பத்து செகண்டுல உடைஞ்சிருக்கு, அதுவும் நீங்க ரொம்ப நம்புற ஒருத்தர் கையில, "விடுங்க"ன்னு சொன்னதுக்கு அப்புறமும். இதுல ரெண்டு விஷயம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்கு. ஒண்ணு பலம் பத்தினது, இன்னொண்ணு விடாம பிடிச்சிருந்தது பத்தினது. ரெண்டையும் பிரிச்சுப் பாத்தாத்தான் உங்களுக்குத் தெளிவு வரும்.

பயிற்சியே பண்ணாதவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்துச்சு

2000-ல வந்த ஒரு ஆய்வுல 468 பேரோட உடம்பை ஸ்கேன் பண்ணி எலும்போட ஒட்டின தசை எத்தனை கிலோன்னு கணக்கு எடுத்தாங்க. ஆண்களுக்கு சராசரியா 33 கிலோ, பெண்களுக்கு 21 கிலோ. அந்த வித்தியாசமும் உடம்பு முழுக்க ஒரே அளவுல இல்ல, இடுப்புக்குக் கீழ பெண்களுக்கு சுமார் 33 சதவீதம் கம்மி, மேல சுமார் 40 சதவீதம் கம்மி. பலத்தை நேரா அளந்து பாத்தா இன்னும் பளிச்சுன்னு தெரியும், கால் பலத்துல பெண்கள் ஆண்கள்ல மூணுல ரெண்டு பங்கு கிட்ட வர்றாங்க, கை தோள் பலத்துல பாதியை ஒட்டித்தான் நிக்குறாங்க. இப்ப உங்க விஷயத்துக்கு வாங்க. டெட்லிஃப்ட்ல நீங்க பெரும்பாலும் வளர்த்துக்கிட்டது தொடை, இடுப்பு, முதுகு. அன்னைக்கு ராத்திரி போட்டி நடந்தது முன்கையிலயும் தோள்லயும், அதாவது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி இருக்குறதுலயே ரொம்பப் பெரிய இடத்துல.

கைப்பிடி பலத்துக்குன்னே ஜெர்மனியில ஒரு ஆய்வு நடந்துச்சு, 2007-ல வெளியாச்சு. 20 வயசு 25 வயசுல இருக்குற ஆண் பெண் ரெண்டாயிரத்துக்கு மேல பேரை அளந்தாங்க. பெண்கள்ல 90 சதவீதம் பேரோட பிடி, ஆண்கள்ல 95 சதவீதம் பேரோட பிடியைவிடக் கம்மி. அதோட ஜூடோ, ஹேண்ட்பால் ஆடுற தேசிய அளவு வீராங்கனைகளையும் அளந்தாங்க, வருஷக்கணக்கா பிடிக்குறதையே தொழிலா வச்சிருக்குறவங்க. அவங்கள்லயே தனிப்பயிற்சி இல்லாத சாதாரண ஆண்களோட நடு அளவைத் தாண்டினவங்க ரொம்ப அபூர்வம். இதைப் படிக்குறப்ப மனசு கனக்கும், எனக்கும் கனத்துச்சு, ஆனா "நான் ஒழுங்கா பயிற்சி பண்ணல போல"ன்னு உங்களையே குத்திக்கிட்டு இருக்கீங்க பாருங்க, அதுக்கு ஆதாரமே இல்லன்னு காட்டத்தான் சொல்றேன்.

காரணம் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஹார்மோன். சின்ன வயசுல ஆண் பெண் ரெண்டு பேருக்கும் அது கிட்டத்தட்ட ஒரே அளவு, 12, 13 வயசுக்கு மேல பையன்களுக்கு சர்ருன்னு ஏறுது, பெரியவங்க ஆனதும் ஆண்களுக்கு லிட்டருக்கு சுமார் 8-லேர்ந்து 30 நானோமோல், பெண்களுக்கு பொதுவா 2-க்கும் கீழ. அந்த நாலஞ்சு வருஷத்துல தசை நார் தடிக்குது, தோள் அகலமாகுது, எலும்பு நீளுது, ரத்தத்துல ஹீமோகுளோபினும் கூடுது. உங்க கணவர் டீன் ஏஜ்ல சும்மா உக்காந்திருந்தப்பவே அந்த வேலை நடந்து முடிஞ்சிடுச்சு. பெண்ணோட தசை தரம் குறைஞ்சது அப்படின்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. ஒரே தடிமன் தசையை எடுத்துக்கிட்டா அதோட இழுவிசை ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அளவுலதான் வித்தியாசம்.

அப்ப ரெண்டு வருஷ உழைப்பு?

வீணே இல்ல. எடைப்பயிற்சி பண்ணா பலம் எத்தனை சதவீதம் ஏறுதுன்னு பாத்தா ஆணும் பெண்ணும் சமமாத்தான் முன்னேறுறாங்க, ஆரம்பிக்குற இடம்தான் வேற வேற. நீங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்த உங்களைவிட எவ்வளவோ மேல வந்துட்டீங்க, உங்க கணவரோட அளவுகோலை எடுத்து உங்களை அளந்துட்டு தோத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. வயசானவங்களுக்குத் தசை பலவீனம் இருக்கான்னு பாக்குறப்ப நாங்க டாக்டர்களே ஒரே கோடு போடுறதில்ல, ஆசியாவுக்கான 2019 வழிகாட்டுதல்ல கைப்பிடி பலம் ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ போனா பலவீனம், பெண்ணுக்கு 18-க்குக் கீழ போனா பலவீனம். உங்களை மாதிரி 36 வயசுலயே தசையையும் எலும்பையும் சேத்து வச்சிருக்குறவங்க 70 வயசுல அந்தக் கோட்டுக்கு ரொம்ப மேல இருப்பாங்க, வயசான பெண்களை முடக்கிப் போடுற இடுப்பு எலும்பு முறிவுலேர்ந்து உங்களைக் காப்பாத்தப் போறது இதுதான்.

இன்னொண்ணு, சராசரிங்குறது ஒவ்வொரு ஆளுக்கும் பொருந்தாது. மீராபாய் சானு 49 கிலோ பிரிவுல 2021-ல 119 கிலோவைத் தலைக்கு மேல தூக்கினாங்க. அதைப் பாதி தூரம் தூக்கக்கூடிய ஆண்களே எத்தனை பேருன்னு யோசிங்க. "பொம்பளைங்க பலம் அவ்வளவுதானே"ன்னு சொல்றப்ப உங்க கணவர் சராசரியை எடுத்து எல்லாப் பெண்கள் மேலயும் பூசிட்டார். அது உண்மையும் இல்ல, அழுதுக்கிட்டு இருக்குற மனுஷிகிட்ட சொல்ற வார்த்தையும் இல்ல.

வளர்ப்புல ஒண்ணுமே இல்லையா

இருக்கு, நிறையவே இருக்கு, அதனாலதான் நீங்க நம்பினது முழுப்பொய்னு நான் சொல்ல மாட்டேன். பந்து எறியுறதை எடுத்துக்கோங்க. எறியுற வேகத்துல பையன்களுக்கும் பொண்ணுங்களுக்கும் வயசுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பெரிய இடைவெளி இருக்கும், ஆனா ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளை அளந்தப்ப அந்த இடைவெளி மத்த இடங்களைவிடக் கம்மியா இருந்துச்சு, அங்க பொண்ணுங்களும் எறிஞ்சு பழகின மரபுல வர்றவங்க. இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது, 2017-ல வந்துச்சு. மத்திய ஐரோப்பாவுல சுமார் 7000 வருஷத்துக்கு முன்னாடி விவசாயம் பண்ணின பெண்களோட கை எலும்பை, இன்னைக்கு கேம்பிரிட்ஜ்ல படகு ஓட்டுற வீராங்கனைகளோட கை எலும்போட ஒப்பிட்டாங்க. அந்தக் காலத்துப் பெண்களோட எலும்பு 11-லேர்ந்து 16 சதவீதம் உறுதி ஜாஸ்தி. தானியம் அரைச்சு மண்ணைக் கொத்தி வந்த உறுதி அது. ஆக, வேலை கொடுத்தா பெண் உடம்பு ஏறும், வேலை கொடுக்காம வளர்த்தா இருக்குற இயற்கையான இடைவெளி இன்னும் அகலமாகும். ஒரே மாதிரி வளர்த்தா இடைவெளி சுருங்கும்னு சொல்லியிருந்தீங்கன்னா சரி, இருக்கவே இருக்காதுன்னு சொன்னதுலதான் தப்பு.

இந்த உண்மை ஏன் இவ்வளவு லேட்டா, இவ்வளவு மோசமான நேரத்துல தெரிய வருதுன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்சது மெடிக்கல் காலேஜ் முதல் வருஷம், ஃபிசியாலஜி லேப்ல. ஸ்கூல்ல நான் குண்டு எறியுற பொண்ணு, கைப்பிடி பலத்தை அளக்குற டைனமோமீட்டர்ல எங்க பேட்ச் பொண்ணுங்கள்ல நான்தான் ஃபர்ஸ்ட். அப்புறம் பையன்களோட நம்பரை பக்கத்துல எழுதினாங்க, வாழ்க்கையில எதையும் தூக்கிப் பாக்காத பையன்கள், அவங்கள்ல ரெண்டே பேரைத்தான் நான் தாண்டியிருந்தேன். எனக்கு அது ஒரு பேப்பர்ல தெரிஞ்சுச்சு, அது என் அதிர்ஷ்டம், நிறைய பெண்களுக்கு யாரோ ஒருத்தர் பிடியில மாட்டினப்பதான் தெரியுது. ஆண்கள் கதை வேற மாதிரி. அவங்க வீட்டுப் பெண்களோட முழு பலத்தைப் போட்டு மோதிப் பாத்ததே இல்லாததால தங்களோட பலம் எதிர்ல இருக்குறவங்களுக்கு எப்படி இருக்கும்னே தெரியாம இருக்காங்க, சில பேருக்கு தலைகீழா அளவுக்கு மீறின நம்பிக்கை. 2019-ல பிரிட்டன்ல எடுத்த ஒரு சர்வேல எட்டு ஆண்கள்ல ஒருத்தர், டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸோட ஆடினா ஒரு பாயிண்டாவது எடுத்துடுவேன்னு சொன்னாங்க. நல்லா ஆடுறவங்களுக்கே கணிப்பு தப்பும். 1998-ல செரீனாவும் அவங்க அக்கா வீனஸும் டீன் ஏஜ்ல இருந்தப்ப, ரேங்க் 200-க்கு வெளிய இருக்குற எந்த ஆணையும் ஜெயிப்போம்னு சொல்லி, 203-வது ரேங்க்ல இருந்த கார்ஸ்டன் பிராஷோட ஆளுக்கு ஒரு செட் ஆடினாங்க. செரீனா 6-1, வீனஸ் 6-2-னு தோத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் ஆடின ஆட்டம் உலகத்துக்கே தெரியும்.

அந்த மாத்திரை

இதுல மட்டும் நான் கண்டிப்பா பேசுறேன், வாங்காதீங்க. "பெண்களுக்கு சேஃப்"னு ஜிம்கள்ல சுத்துறது அனேகமா அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் மாதிரியே வேலை செய்யுற செயற்கை மருந்து, அதிகமா அடிபடுற பேரு ஆக்சாண்ட்ரோலோன். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல அதுக்கான அனுமதியையே வாபஸ் வாங்கிடுச்சு. பெண் உடம்புல இது போனா குரல் தடிக்கும், முகத்துல முடி வளரும், பீரியட்ஸ் தாறுமாறாகும், பிறப்புறுப்புல மாற்றம் வரும், கல்லீரல் கெடலாம், நல்ல கொலஸ்ட்ரால் சரிஞ்சு விழும். இதுல குரல் மாறினா மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் திரும்பி வராது. தெரியாம கர்ப்பமா இருந்தா குழந்தையையும் பாதிக்கும். கடிதத்துல "யோசிக்குறேன்"னு மட்டும்தான் இருக்கு, ஒருவேளை ஏற்கனவே ஆரம்பிச்சிருந்தீங்கன்னா கூச்சப்படாம ஒரு டாக்டர்கிட்ட மாத்திரை அட்டையோட போங்க, கல்லீரல் டெஸ்ட்டும் கொலஸ்ட்ராலும் பாக்கணும். எடை தூக்கினாலே ஆம்பளை மாதிரி ஆயிடுவோம்னு பயப்படுற பெண்களுக்கு நான் எப்பவும் சொல்றது, வெறும் பயிற்சியால அது நடக்காது, இந்த மாதிரி மாத்திரையாலதான் நடக்கும்.

"விடுங்க"ன்னு சொன்னப்புறம் பிடிச்சிருந்தது

கடிதத்துல வேற எந்த இடத்துலயும் அவர் கை ஓங்கினதாவோ பயமுறுத்தினதாவோ இல்ல, நீங்க அழுததும் பதறியிருக்கார். அதனால அவரை வில்லனாக்க நான் தயாரா இல்ல. ஆனா அவர் பண்ணினது சரின்னும் சொல்ல மாட்டேன். சண்டை இல்லாத ஒரு நேரத்துல உக்கார வச்சு நேரா சொல்லுங்க: "நீங்க பிடிச்சிருந்தப்ப என்னால ஒண்ணுமே பண்ண முடியல, உங்களுக்கு அது விளையாட்டு, எனக்கு அது விளையாட்டா இருந்தது நான் விடுங்கன்னு சொல்ற வரைக்கும்தான். இனிமே ஒரு தடவை சொன்னா உடனே விட்டுடணும்." தன் பிடி உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு நிஜமாவே புரியாம இருந்திருந்தா, இந்த ஒரு பேச்சே அவருக்குப் போதும். அதைக் கேட்டு அவர் என்ன பண்றார்னு மட்டும் கவனிங்க.

சொன்னப்புறமும் திரும்பத் திரும்பப் பண்ணினா, கோபத்துல மணிக்கட்டைப் பிடிச்சா, வாசலை மறிச்சு நின்னா அது விளையாட்டுங்குற கணக்குல வராது, கல்யாணம் ஆயிட்டதால யாருக்கும் அந்த உரிமை வந்துடுறதும் இல்ல. கழுத்துல கை வச்சா, ஒரே ஒரு தடவையா இருந்தாலும், அன்னைக்கே பாதுகாப்பான இடத்துக்குப் போய் நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயும் பெண்கள் உதவி எண்லயும் சொல்லிடுங்க. கழுத்தை நெரிச்ச துணை பின்னாடி கொலை வரைக்கும் போற ஆபத்து பல மடங்கு ஜாஸ்தின்னு ஆய்வுகள் சொல்லுது. இது உங்களுக்காகன்னு இல்லாம இதைப் படிக்குற வேற யாருக்காவது தேவைப்படலாம்னுதான் எழுதுறேன்.

தற்காப்புப் பயிற்சியில சேரலாமான்னும் கேட்டிருக்கீங்க, சேருங்க, ஆனா பலத்துக்குப் பலம் நின்னு ஜெயிக்கலாம்னு சொல்ற இடத்துல சேராதீங்க. கனடாவுல பல்கலைக்கழக மாணவிகளுக்கு நடத்தின ஒரு பயிற்சியோட முடிவு 2015-ல வந்துச்சு. தெரிஞ்ச ஆண்கள்கிட்டேர்ந்து வர்ற ஆபத்தை முன்னாடியே கவனிக்குறது, தயங்காம சத்தமா மறுக்குறது, தப்பிக்குற அளவுக்கு உடம்பால எதிர்க்குறதுன்னு எல்லாம் சேத்துக் கத்துக்கொடுத்தாங்க. ஒரு வருஷத்துல பலாத்காரத்துக்கு ஆளானவங்க பயிற்சி எடுத்த குழுவுல 5.2 சதவீதம், எடுக்காத குழுவுல 9.8 சதவீதம். யாரும் அந்த ஆணைவிட பலசாலி ஆகல, ஆனாலும் நம்பர் கிட்டத்தட்ட பாதியாச்சு.

பொண்ணுகிட்ட என்ன சொல்றது

இப்பவே சொல்லுங்க, அவ ஜெயிச்சுக்கிட்டு இருக்குறப்பவே. அவ ஜெயிக்குறதுல ரெண்டு வயசு மூப்பும் இருக்கு, பொண்ணுங்க பையன்களைவிட சுமார் ரெண்டு வருஷம் முன்னாடியே மளமளன்னு வளர்றதும் இருக்கு. இன்னும் நாலஞ்சு வருஷத்துல ஒரு நாள் தம்பி கை அவ கையை மடக்கும், யாரும் சொல்லாம விட்டா அன்னைக்கு அவளும் உங்களை மாதிரியே தன் மேலதான் தப்புன்னு நினைப்பா. பல பொண்ணுங்க விளையாட்டை விட்டுட்டுப் போறதும் இந்த வயசுலதான். "நீ வளர வளர உன் கூட இருக்குற பையன்களுக்கு கை பலம் உன்னைவிட வேகமா ஏறும், அது அவங்க உடம்புல சுரக்குற ஒரு ஹார்மோனால, நீ சோம்பேறியா இருந்ததால இல்ல. அதனால நீ தூக்குறதையும் எறியுறதையும் ஓடுறதையும் நிறுத்தாத, போன வருஷத்து உன்னோட போட்டி போடு"ன்னு சொல்லுங்க, 11 வயசுக்கு இது நல்லாவே புரியும். இத்தனை நாள் வேற மாதிரி சொன்னதுக்கு "அம்மா நினைச்சது பாதிதான் சரி, இப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன்"னு சொன்னா போதும். பையனையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே பேசுங்க. அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒரே விஷயம், அக்கா "விடு"ன்னு சொன்னா உடனே கையை எடுக்கணும், அவ தோத்தாலும் ஜெயிச்சாலும். அதை 9 வயசுல பழகிட்டா 30 வயசுல அவனுக்கு யாரும் சொல்ல வேண்டி இருக்காது.

கடைசியா, நீங்க போற போக்குல எழுதின வரிக்கு வர்றேன். ரத்தப்போக்கு அதிகம், வெயிட் ஏறாம நிக்குதுன்னா என் சந்தேகம் முதல்ல இரும்புச்சத்து மேலதான் போகுது. உலகம் முழுக்க 15-லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல பத்துக்கு மூணு பேருக்கு ரத்தசோகை இருக்கு. ஹீமோகுளோபினும் ஃபெரிடினும் எடுத்துப் பாருங்க. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை, அது சரியா இருந்தாலும் ஃபெரிடின் 30-க்குக் கீழ இருந்தா இரும்பு இருப்பு தீர்ந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பயிற்சியில சீக்கிரம் சோர்ந்து போறதுக்கு அதுவே போதும். ரத்தப்போக்கு ஏன் கூடிச்சுன்னு பெண்கள் நல டாக்டரையும் ஒரு தடவை பாத்துடுங்க, ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க, தள்ளிப் போடாதீங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் வெயிட்டைக் கூட்ட வேண்டாம், இருக்குறதையே தொடருங்க, வந்ததும் அந்த நம்பர்களோட மறுபடி எழுதுங்க, முன்கைக்கும் தோளுக்கும் என்ன சேக்கலாம்னு அதைப் பாத்துட்டு சொல்றேன்.